பாட்டியின் பாக்குவெட்டிக்கு என்ன வயது?

வீட்டில் ஒரு பழைய பாக்குவெட்டி இருக்கிறது. பித்தளைக் கைப்பிடி, இரும்பு அலகு. கொள்ளுப்பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்தது என்று சொல்லிக் கேள்வி. வெற்றிலை போடுகிறவர் இன்று வீட்டில் யாரும் இல்லை. வீடு மாற்றும்போது அலமாரியின் அடித்தட்டிலிருந்து அது வெளியே வருகிறது. உடனே இரண்டு கேள்விகள் பிறக்கின்றன. இது எவ்வளவு பழையது? விற்றால் எவ்வளவு கிடைக்கும்?

இரண்டாவது கேள்விக்குத்தான் எல்லோருக்கும் அவசரம். ஆனால் முதல் கேள்விக்கு விடை கிடைக்காமல் இரண்டாவதற்கு விடை ஏது? இவை தவிர மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. இந்தப் பொருள் யாருடையது, எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தது என்பதே அது. வாங்குகிறவரும் அதைக் கேட்பதில்லை, விற்கிறவரும் அதைப் பேசுவதில்லை. பெரிய அரும்பொருளகங்களே அந்த இடத்தில் சறுக்கியிருக்கின்றன. சிங்கப்பூரும் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட நாடுதான்.

அடுக்களையிலிருந்து கண்ணாடிப் பேழைக்கு

பாக்குவெட்டியின் அமைப்பு எளிமையானது. கத்தரிக்கோலில் இரு கைகளும் நடுவில் இணையும். இதில் ஒரு முனையில் இணையும். மறுமுனையைக் கை அழுத்த, இடையில் வைத்த பாக்கு துண்டாகும். கல்லைப் போன்ற கொட்டைப்பாக்கை வயதான பாட்டிகூட நறுக்க முடிந்ததற்கு இந்த நெம்புகோல்தான் காரணம்.

இந்தியாவில் மட்டும் இருந்த பொருளும் அல்ல இது. வட இந்தியர் இதைச் சரௌதா என்பார்கள். சிங்களத்தில் கிரய, மலாயில் கச்சிப். வெற்றிலை சென்ற இடமெல்லாம் இதுவும் சென்றது. தமிழகத்தில் கிளி, குதிரை, ஆணும் பெண்ணும் இணைந்து நிற்கும் உருவம் என்று பித்தளையில் வார்த்தார்கள். மலாய்த் தீவுகளில் பறவைத் தலையும் கற்பனை விலங்குகளுமாக இரும்பில் அடித்து, வெள்ளிக் கம்பியைப் பதித்தார்கள். பெரனாக்கான் திருமணங்களில் வெற்றிலைத் தட்டுக்கு இருந்த மரியாதையை ஆர்மீனியன் ஸ்திரீட்டில் உள்ள பெரனாக்கான் அரும்பொருளகத்திற்குச் செல்பவர்கள் இன்றும் காணலாம்.

வெற்றிலை பாக்கு இன்னும் நம் சடங்குகளை விட்டுப் போகவில்லை. தேக்காவில் வெற்றிலைக் கட்டு இல்லாத பூக்கடை அபூர்வம். ஆனால் நாள்தோறும் மெல்லும் பழக்கம் குறைந்துவிட்டது. குறைந்தது நல்லதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேராத வெறும் பாக்குகூட மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் உறுதியாக வகைப்படுத்தியது. பழக்கம் போனதும் கருவி வேலையிழந்தது. வேலையிழந்த கருவி ஒன்று பழைய இரும்புக் கடைக்குப் போகும், அல்லது சேகரிப்பாளர் கைக்குப் போகும்.

சேகரித்தவர்களில் ஒருவர் பெயரைக் கேட்டால் கணித மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். போலந்தில் பிறந்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சாமுவேல் ஐலன்பெர்க், 20ஆம் நூற்றாண்டின் பெரிய கணித அறிஞர்களில் ஒருவர். இந்தியாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் வந்துபோன அவர், பெரிய சிலைகளோடு நின்றுவிடாமல் பாக்குவெட்டிகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். அந்தத் தொகுப்பைப் பற்றி ஹென்றி பிரவுன்ரிக் எழுதிய நூல் 1990களின் தொடக்கத்தில் வெளிவந்தது. நம் வீட்டில் தேய்ந்த கருவி ஒன்றை வேறு நாட்டவர் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார். நாம் அதை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

மடக்குக் கத்தி சொல்லும் பாடம்

பழம்பொருளின் வயதைக் கண்டறிவது எப்படி? இதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்காவின் மடக்குக் கத்திச் சேகரிப்பாளர்கள். சட்டைப்பையில் வைக்கும் சாதாரணப் பேனாக்கத்திதான். ஆனால் அதன் அலகு கைப்பிடியோடு சேரும் இடத்தில் தயாரிப்பாளர் ஒரு முத்திரை குத்தியிருப்பார். அந்த முத்திரைதான் கத்தியின் பிறப்புச் சான்றிதழ்.

பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபர்ட் நகரில் இயங்கும் கேஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 1970ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தன் முத்திரையின் கீழ் பத்துப் புள்ளிகளை வைத்தது. அடுத்த ஆண்டு ஒன்பது, அதற்கடுத்த ஆண்டு எட்டு என்று ஆண்டுக்கு ஒரு புள்ளி குறைந்தது. ஐந்து புள்ளி இருந்தால் 1975, ஒரே புள்ளி என்றால் 1979. கத்தியில் பொறித்த எண்ணுக்கும் பொருள் உண்டு. முதல் இலக்கம் கைப்பிடி எதனால் ஆனது என்பதையும் இரண்டாவது இலக்கம் எத்தனை அலகுகள் என்பதையும் காட்டும். 6 என்று தொடங்கினால் எலும்பு, 5 என்று தொடங்கினால் மான்கொம்பு. அந்தக் கொம்பில் ஒரு பகுதி இந்தியக் காடுகளில் கடமான்கள் உதிர்த்த கொம்பு என்பது சுவையான செய்தி. பின்னாளில் இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது.

சட்டங்களும் தேதி சொல்லும். இறக்குமதிப் பொருள்களில் அவை தயாரான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி வரிச் சட்டம் கட்டளையிட்டது. ஆகவே ‘ஜெர்மனி’ என்று பொறித்து அமெரிக்காவுக்கு வந்த கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. பிரிட்டனில் அதற்கு முன்பே, 1887ஆம் ஆண்டில், இதைப் போன்ற சட்டம் வந்தது. பிரிட்டனின் ஷெஃபீல்டு நகரக் கத்திகளுக்கு இருந்த பெயரைப் பயன்படுத்தி வேறு நாட்டார் போலி முத்திரையுடன் விற்றதே அதற்கு ஒரு காரணம். போலி என்பது நேற்று முளைத்த தொழில் இல்லை!

முத்திரை உண்மையாகவே இருந்தாலும் கத்தி பொய்யாக இருக்கலாம். உடைந்துபோன மூன்று கத்திகளின் பாகங்களைச் சேர்த்து ஒரு முழுக் கத்தி செய்துவிடுவார்கள். ஒவ்வொரு பாகமும் அசல், மொத்தத்தில் போலி. ரெமிங்டன் நிறுவனம் 1922ஆம் ஆண்டில் கைப்பிடியில் துப்பாக்கிக் குண்டு வடிவச் சின்னம் பதித்த கத்தியை வெளியிட்டது. அந்த நிறுவனத்தின் பெயரிலேயே 1982 முதல் பழைய வடிவங்கள் மறுபதிப்பாக வந்தன. மறுபதிப்பில் தவறு ஒன்றும் இல்லை. அதைத் தேய்த்து, துருப்பிடிக்க வைத்து, தாத்தா காலத்துக் கத்தி என்று விற்பதுதான் மோசடி.

இந்தப் பாடங்களில் பெரும்பாலானவை நம் பித்தளைக்கும் அப்படியே பொருந்தும்.

நம் பொருளில் முத்திரை எங்கே?

ஊர்க் கொல்லரும் கன்னாரும் தங்கள் பெயரைப் பொதுவாகப் பொறிப்பதில்லை. ஆனால் வாங்கியவர் பொறித்தார். கல்யாணச் சீராக வந்த செம்பு, குத்துவிளக்கு, வெற்றிலைச் செல்லம், சில சமயம் பாக்குவெட்டியின் கைப்பிடி ஆகியவற்றில் தலைப்பெழுத்தையும் பெயரையும் உளியால் வெட்டி வைப்பது தமிழர் வழக்கம். செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் ‘விலாசம்’ எனப்படும் குடும்பத் தலைப்பெழுத்து இல்லாத பாத்திரத்தைக் காண்பது அரிது. அமெரிக்கக் கத்திக்குத் தொழிற்சாலை முத்திரை என்றால், நமக்கு இந்தப் பெயர்தான் முத்திரை.

அந்தப் பெயரின் எழுத்தைக் கவனித்துப் பார்த்தால் அதுவே காலத்தைச் சொல்லும். ‘அண்ணாமலை’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘ணா’வும் ‘லை’யும் இருக்கின்றன. பழைய முறையில் ‘ணா’வுக்குத் தனி வடிவம், ‘லை’க்கு யானைத் துதிக்கைபோல் முன்னால் ஒரு சுழி. பெரியார் 1935ஆம் ஆண்டில் குடியரசு இதழில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். தமிழக அரசு 1978ஆம் ஆண்டில் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. இன்று பள்ளியில் கற்பிக்கப்படும் வடிவில் ‘அண்ணாமலை’ என்று வெட்டியிருக்கும் செம்பை, 1910ஆம் ஆண்டுச் சீர் என்று ஒருவர் விற்றால் என்ன பொருள்? ஒன்று, பெயர் பின்னால் வெட்டப்பட்டது. அல்லது, செம்பே புதியது.

இதைத் தலைகீழாகப் பயன்படுத்தக் கூடாது. பழைய எழுத்தில் கைப்பழக்கம் உள்ளவர் 1978க்குப் பிறகும் அப்படியே வெட்டியிருப்பார். புதிய எழுத்து வயதைக் குறைத்துக் காட்டும். பழைய எழுத்து வயதைக் கூட்டிக் காட்டாது.

சில பொருள்களில் தமிழ் ஆண்டின் பெயர் இருக்கும். அங்கும் கவனம் தேவை. தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒரு முறை திரும்பி வரும். ருத்ரோத்காரி என்று இருந்தால் அது 1923-24ஆகவும் இருக்கலாம், 1983-84ஆகவும் இருக்கலாம். அறுபது வருடம் தப்பினால் விலையும் தப்பும், வரலாறும் தப்பும்.

பெயர் பின்னால் சேர்க்கப்பட்டதா என்பதை ஒரு சிறிய பூதக் கண்ணாடியே காட்டிக் கொடுக்கும். உளியால் வெட்டிய எழுத்தில் ஒவ்வொரு குத்தும் தனித்தனியே ஆழமாகத் தெரியும். மின்கருவி எழுத்து மெல்லிய கோடாக ஓடும். எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, கைபட்டு மழுங்கியிருக்கிறதா? பாத்திரத்தின் கீறல்கள் எழுத்தின் மேலே ஓடுகின்றனவா, அல்லது எழுத்து அந்தக் கீறல்களை வெட்டிக்கொண்டு போகிறதா? கீறல்களை எழுத்து வெட்டியிருந்தால், கீறல்களுக்குப் பிறகே எழுத்து வந்தது.

உலோகத்துக்கும் பிறந்த நாள் உண்டு

பித்தளையின் வயதைக் கார்பன் சோதனை சொல்லாது. அரும்பொருளகங்களில் ஊடுகதிர்க் கருவியைப் பொருளின் மேல் காட்டி எந்தெந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அதுவும் கலவையைச் சொல்லுமே தவிர ஆண்டைச் சொல்லாது. ஆனால் சில பொருள்கள் உலகில் எப்போது தோன்றின என்பது நிச்சயமாகத் தெரியும். அதற்கு முந்திய காலத்தை அவை சொந்தம் கொண்டாட முடியாது.

துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி உருவாக்கியது 1913ஆம் ஆண்டு. நாம் எவர்சில்வர் என்கிறோமே, அந்தக் குடும்பம்தான். 1880ஆம் ஆண்டுப் பாக்குவெட்டி என்று சொல்லப்படுவதன் அலகு துருப்பிடிக்காத எஃகாக இருந்தால், அலகு மாற்றப்பட்டிருக்கிறது அல்லது சொல்வது பொய். பேக்கலைட் பிளாஸ்டிக் 1907ஆம் ஆண்டில் பிறந்தது. தலையில் கூட்டல் குறி வெட்டிய திருகாணி 1930களில்தான் சந்தைக்கு வந்தது. பழைய பாக்குவெட்டியின் மூட்டில் திருகாணியே இருக்காது. ஓர் ஆணியைச் செருகி இரு முனையையும் சுத்தியால் தட்டித் தட்டையாக்கியிருப்பார்கள்.

காந்தத்தையும் உடன் வைத்துக்கொள்ளலாம். பித்தளையில் காந்தம் ஒட்டாது. கைப்பிடி முழுவதும் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பித்தளை முலாம். அலகில் ஒட்டாவிட்டால் அது பழைய கொல்லர் அடித்த இரும்பாக இருக்க வாய்ப்பில்லை.

வார்ப்பையும் பாருங்கள். மெழுகில் உருவம் செய்து மண் பூசி வார்க்கும் பழைய முறையில் அச்சு ஒவ்வொரு முறையும் உடைக்கப்படும். அதனால் ஒன்றைப் போல் இன்னொன்று அச்சாக அமையாது. ஒரே கடையில் ஐந்து கிளிகள், ஐந்துக்கும் மூக்கில் ஒரே இடத்தில் ஒரே பள்ளம் என்றால் அவை ஒரே அச்சில் பிறந்த புதிய உடன்பிறப்புகள்.

தேய்மானம் எங்கே இருக்கிறது?

நாற்பது ஆண்டு உழைத்த பாக்குவெட்டி தேய்ந்திருக்கும். எங்கே தேய்ந்தது என்பதுதான் கேள்வி. கட்டைவிரல் அழுத்தும் இடம், உள்ளங்கை பிடிக்கும் வளைவு, மூட்டின் ஆணி, பாக்கு உட்காரும் கீழ்த்தாடையின் பள்ளம் ஆகியவை தேய வேண்டும். அலகு சாணைக்கல்லில் பலமுறை தீட்டப்பட்டு, பாக்கு அதிகம் விழுந்த பகுதியில் குறுகியிருக்க வேண்டும். கை எட்டாத மூலைகள் தேயக்கூடாது. எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் அந்த வேலையைச் செய்தது உப்புத்தாள், பாட்டி அல்ல.

பாக்கில் துவர்ப்புச் சத்து அதிகம். அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பு நிறம் தரும். உழைத்த பாக்குவெட்டியின் அலகின் உட்புறமும் மூட்டும் கறுத்திருப்பதற்கு இது ஒரு காரணம். பழைய துரு கரும்பழுப்பாக, இறுகி இருக்கும். விரலில் செங்காவியாக ஒட்டும் துரு அண்மையில் வந்தது.

பித்தளையின் நிறத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கறுத்திருந்தால் பழையது என்று எண்ணம். தமிழ் வீடுகளில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்தார்கள். அப்படித் தேய்த்துத் தேய்த்துக் கிளியின் கண்ணும் இறகும் மழுங்கியிருக்கும். பிறகு பரணில் கிடந்து கறுத்திருக்கலாம். ஆக, மழுங்கிய உருவத்தின் மேல் கறுப்பு இருப்பது இயல்பு. கண்ணும் இறகும் நேற்று வெட்டியதுபோல் கூர்மையாக இருந்து, அதன் மேல் கறுப்பும் பச்சைக் களிம்பும் சமமாகப் படிந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். அமிலத்தில் முக்கியோ மண்ணில் புதைத்தோ சில வாரங்களில் அந்த நிறத்தைக் கொண்டுவரலாம்.

கதைக்கும் சோதனை உண்டு

விற்பவர்கள் பொருளோடு ஒரு கதையையும் விற்பார்கள். வீட்டிலும் கதைகள் உண்டு. அவை பாசத்தில் வளர்ந்தவை. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும்.

“1915ஆம் ஆண்டு ரஜுலா கப்பலில் தாத்தா கொண்டுவந்தார்” என்று ஒரு குடும்பத்தில் சொல்லப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னைக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே தமிழர்களைச் சுமந்த ரஜுலா கட்டப்பட்டதே 1926ஆம் ஆண்டில்தான். அப்படியானால் கப்பல் வேறு, அல்லது ஆண்டு வேறு. தாத்தா பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. மூன்று தலைமுறை வாய்வழி வந்ததில் இரண்டு பயணங்கள் ஒன்றாகியிருக்கலாம். பழைய கடப்பிதழ், குடிநுழைவுத் தாள், கல்யாணப் பத்திரிகை, புகைப்படத்தின் பின்புறம் எழுதிய தேதி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கிடைத்தால் கதைக்குக் கால் முளைக்கும். கப்பலையும் ஆண்டையும் சரிபார்த்துத் தேறிய கதை, பொருளின் மதிப்பை உண்மையிலேயே உயர்த்தும்.

சிலை அசல், சான்று போலி

இனி அந்த மூன்றாவது கேள்வி. ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007ஆம் ஆண்டில் சோழர் காலத்து உமா பரமேஸ்வரி செப்புத் திருமேனி ஒன்றை நியூயார்க் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூரின் கடையிலிருந்து 650,000 அமெரிக்க டாலருக்கு வாங்கியது. சிலை அசல்தான். உலோகம், வேலைப்பாடு, காலம் எதிலும் குறையில்லை. அதனுடன் வந்த உரிமைக் கதைதான் பொய். அது அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்டது என்பது பின்னர் தெரியவந்தது.

அதைக் காட்டிக்கொடுத்தவை பழைய புகைப்படங்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளாகத் தமிழகக் கோயில் சிலைகளைப் படமெடுத்துப் பாதுகாத்து வருகிறது. அந்தத் தொகுப்பில் இதே அம்மன் கோயிலில் நின்றுகொண்டிருந்தார். கபூர் 2011ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிடிபட்டு 2012ஆம் ஆண்டில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். அவருடைய கடை மேலாளர் 2013ஆம் ஆண்டில் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிங்கப்பூர் 2015ஆம் ஆண்டில் சிலையை இந்தியாவுக்குத் திருப்பி அளித்தது. வேறொரு கோயில் சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு நவம்பரில் கபூருக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது.

ஒரு சிலைக்கும் ஒரு பாக்குவெட்டிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அளவுதான் வேறு. பழையது என்று நிரூபிக்கப்பட்ட பொருள், நியாயமாக வந்த பொருள் என்று ஆகிவிடாது. செட்டிநாட்டு வீடுகள் இடிக்கப்படும்போது கதவும் தூணும் பாத்திரமும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வருகின்றன. குடும்பத்தார் விரும்பி விற்றவை அவற்றில் உண்டு. எவர்சில்வர் வந்த காலத்தில் வாசலில் வந்த வியாபாரியிடம் எடைக்குக் கொடுத்தவையும் உண்டு. ஆனால் கோயில் மணி, தீபத்தட்டு, தூபக்கால், சிறிய உற்சவ விக்கிரகம் என்று ஒன்று கைக்கு வந்தால் கேட்டே ஆக வேண்டும். எந்தக் கோயில்? யார் கொடுத்தது? ரசீது எங்கே? பதில் மழுப்பலாக இருந்தால் வாங்காமல் வருவதே மரியாதை. வாங்குகிறவர் கேட்காதவரை, திருடுகிறவருக்குச் சந்தை இருந்துகொண்டே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஊருக்குப் போகும்போது பாட்டி வீட்டுச் சாமான்களை எடுத்துவர ஆசைப்படுகிறவர்கள் அறிய வேண்டியது இது. இந்தியாவின் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டம் 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1976ஆம் ஆண்டு ஏப்ரல் 5 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி குறைந்தது நூறு ஆண்டு பழமையான சிலை, நாணயம், கலைப்பொருள், பழங்கால வாழ்க்கையையும் தொழிலையும் காட்டும் பொருள் ஆகியவை தொல்பொருள். கையெழுத்துச் சுவடி என்றால் எழுபத்தைந்து ஆண்டு. இவற்றைத் தனியார் எவரும் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுசெல்ல முடியாது. சொந்தப் பாட்டியின் பொருள் என்பது விதிவிலக்கல்ல. நூறு ஆண்டு ஆகாத பொருளுக்கு, அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுப் பெறலாம். சென்னை விமான நிலையத்தில் விவாதிப்பதைவிட முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கடைக்காரர் “இருநூறு வருஷத்துப் பொருள், கவலைப்படாமல் எடுத்துப் போங்கள்” என்பார். அது உண்மையானால் எடுத்துப் போவது குற்றம். எடுத்துப் போகலாம் என்பது உண்மையானால், இருநூறு வருஷம் என்பது பொய். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது!

கைப்பிடி யானைத் தந்தமாக இருந்தால் இன்னொரு தடை. சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 1 முதல் யானைத் தந்தப் பொருள்களை விற்கவோ விற்பனைக்குக் காட்சி வைக்கவோ கூடாது. தந்தத்தின் வெட்டுமுகத்தில் குறுக்கும் நெடுக்குமான மெல்லிய கோடுகள் தெரியும். எலும்பில் சின்னஞ்சிறு கரும்புள்ளிகள் தெரியும். பிளாஸ்டிக்கில் இரண்டும் இல்லை. மடக்குக் கத்தி சேர்க்கிறவர்களும் கவனமாக இருக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் அலகு பாயும் கத்தி இங்கே கட்டுப்படுத்தப்பட்ட ஆயுதம். சாதாரணக் கத்தியானாலும் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்துக்கொண்டு திரிவது ஆபத்து. விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது. பாக்குவெட்டியும் அலகுள்ள கருவிதான்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

பழைய பொருள் வீட்டில் இருந்தால் முதலில் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. புளியை எடுக்காதீர்கள், பித்தளை மெருகுப் பசையையும் எடுக்காதீர்கள். ஒரு மணி நேரத் தேய்ப்பில் ஒரு நூற்றாண்டுச் சான்று கழுவிக்கொண்டு போய்விடும். மென்மையான உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்தால் போதும். சிங்கப்பூரின் ஈரக்காற்று இரும்புக்கு எதிரி. தையல் இயந்திர எண்ணெயை மிக மெல்லிதாகத் தடவி, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்துடன் மூடி வைக்கலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம்; அது நாளடைவில் சிக்குப்பிடித்து அழுக்கைச் சேர்க்கும்.

இரண்டாவது வேலை, படம் எடுப்பது. முன், பின், மூட்டு, எழுத்து என்று பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். ஒரு பொருள் எங்கே இருந்தது என்பதற்குப் புகைப்படம் எவ்வளவு பெரிய சாட்சி என்பதை ஸ்ரீபுரந்தான் அம்மன் காட்டிவிட்டார்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். யாருடையது? எந்த ஊர்? எந்த ஆண்டு, எந்தக் கப்பல்? தலைப்பெழுத்து யாருடையது? ஜப்பானியர் காலத்தில் இது எங்கே இருந்தது? ஒரு பக்கத் தாளில், சொன்னவர் பெயரும் சொன்ன தேதியும் போட்டுப் பொருளோடு வைத்துவிடுங்கள். சரியாகத் தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். அந்த நேர்மைதான் மற்ற வரிகளுக்கு நம்பகம் தரும்.

பாதுகாக்க இடமில்லை, பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்றால் உடனே விலை பேச வேண்டாம். கேம்பல் லேனில் 2015ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில் செட்டிநாட்டு வீட்டு வாசற்கதவு ஒன்று கம்பீரமாக நிற்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்கள், நம் சமூகத்தினர் வழங்கிய எளிய வீட்டுப் பொருள்களையும் அங்கே பார்க்கலாம். எல்லாப் பொருளையும் அரும்பொருளகம் ஏற்றுக்கொள்ளாது. ஆனால் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. அங்கேயும் முதலில் வரும் கேள்வி விலையைப் பற்றியதாக இருக்காது. இது யாருடையது, எப்படி வந்தது என்றுதான் கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர் இன்று வரவேற்பறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கலாம். நாளை அவர் இருப்பார் என்பதற்கு எந்தச் சான்றிதழும் இல்லை. தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.